அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்

சூழலுக்கு இசைந்த வீடு என்றதும் பலருக்கு மாடியில் சோலார் பலகையும் பால்கனியில் தொங்கும் செடிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் வீடு கட்டிப் பத்து வருடம் கழித்துக்கூட வாங்கிக்கொள்ளலாம். மனை எந்த நீரோட்டத்தில் கிடக்கிறது, மேற்கு வெயில் எந்த அறையின் சுவரில் விழுகிறது, தளத்துக்கு மேலே என்ன போடுகிறோம், மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறது என்பதையெல்லாம் அப்படிப் பிற்பாடு வாங்க முடியாது. கடைக்கால் தோண்டும் முன்பே இவை காகிதத்தில் முடிவாகிவிடுகின்றன. அப்போது சரி செய்தால் செலவு சொற்பம். குடிபோன பிறகு லட்சங்களைக் கொட்டினாலும் பாதிதான் சரியாகும். ஆகவே இந்த அத்தியாயம் மண்ணில் தொடங்குகிறது. சோலாருக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி.

சென்னை, திருச்சி, மதுரை, நெல்லை போன்ற வெயில் ஊர்களில் அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ வீடு கட்டுகிறவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாண்டிப் போகலாம். அவர்களுடைய சிக்கல் நேர் எதிரானது.

மனையின் ஜாதகம்

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் பார்க்காமல் யாரும் மனை வாங்குவதில்லை. மனை யாருக்குச் சொந்தம் என்பதை அவை சொல்லும். தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதற்கு வேறு மூன்று காகிதங்கள் வேண்டும்: கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு, புலப்படம். ‘அ’ பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கிராம வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைத் தேடி, அதைச் சுற்றியுள்ள எண்களையும் வட்டமிடுங்கள். பிறகு அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், குட்டை என்ற சொற்களில் ஏதாவது ஒன்று வந்தால் பேச்சுவார்த்தையை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்த நிலம் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்துவர வேண்டும்.

பார்க்கும்போது மதகையும் கலங்கலையும் தேடுங்கள். பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வாய் மதகு. ஏரி நிரம்பினால் மிச்சம் வெளியேறும் வழி கலங்கல். நம் ஏரிகள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. மேலேரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்குப் போகும், அதில் வழிவது அதற்கடுத்ததற்கு. இந்தச் சங்கிலியில் நடுவே ஒரு கண்ணியை மனைப்பிரிவாக்கி, தார்ச்சாலை போட்டு, அரசமரத்தடியில் பிள்ளையாரையும் வைத்துவிட்டால் பார்ப்பதற்கு ஊர் மாதிரியே இருக்கும். கலங்கலுக்குக் கீழே இருப்பது முறையான பட்டா நிலமாகவே இருக்கலாம். ஏரி நிரம்பும் வருடம் தண்ணீர் பட்டாவைப் படித்துப் பார்ப்பதில்லை.

சென்னையே இதற்குப் பெரிய பாடம். தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் ஏரி போய்விட்டது, ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் இருக்கிறது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் பெரும்பகுதியைப் பறிகொடுத்த பிறகு, 2022இல்தான் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை மூழ்கியபோது சென்னைக்காரர்கள் பலர் தாங்கள் குடியிருப்பது எந்த ஏரியின் வழி என்று முதன்முறையாக விசாரித்தார்கள். தென் மாவட்டத்துக்காரர்கள் இது சென்னைக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

காகிதம் சொல்லாததை அக்கம்பக்கம் சொல்லும். இஸ்திரி வண்டிக்காரரிடமோ தெருமுனை மளிகைக் கடையிலோ, “அண்ணே, பெரு மழையில தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். அவர் கையால் முழங்காலைக் காட்டுகிறாரா, இடுப்பைக் காட்டுகிறாரா என்பது புரோக்கரின் எல்லா உறுதிமொழிகளையும்விட நம்பகமானது. காம்பவுண்டுச் சுவர்களில் தரைக்கு மேலே ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறையையும் கவனியுங்கள்.

மனையை ஏற்கெனவே வாங்கியாயிற்று, அது தாழ்வாகவும் இருக்கிறது என்றால்? எல்லோரும் செய்வது, லாரி லாரியாகக் கிராவல் அடித்து மனை முழுவதையும் மேடாக்குவது. அதனால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அடுத்த வருடம் அவரும் அடிப்பார். தெருவே போட்டி போட்டு உயரும். வீட்டின் பேஸ்மென்டை மட்டும் உயர்த்துங்கள், அல்லது தூண்மேல் கட்டிக் கீழே வண்டி நிறுத்துங்கள். சுற்றியுள்ள மண்ணைத் தாழ்வாகவே விடுங்கள். மழைநாளில் அங்கே ஓரடித் தண்ணீர் நின்று மெல்ல இறங்கினால் நஷ்டமில்லை.

தளம்: வீட்டின் மிகச் சூடான சுவர்

தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் வருடத்தில் இருமுறை சூரியன் நம் நேர் உச்சிக்கு வருகிறது. சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் மறுபடி ஆகஸ்ட் நடுவிலும். மதுரையில் ஏப்ரல் நடுவிலேயே. அந்த நாட்களில் தெற்குச் சுவரில் வெயில் ஏறக்குறையப் படுவதே இல்லை. கொட்டுவது எல்லாம் மொட்டை மாடியில். ஒருமாடி வீட்டில் உள்ளே வரும் வெப்பத்தில் பெரும்பங்கு தளத்தின் வழியாகத்தான் வருகிறது. ஆனால் நம் வீடுகளில் முகப்புச் சுவருக்கு எலிவேஷன் என்று செலவழிப்பதில் கால்பங்கைக்கூடத் தளத்துக்குச் செலவழிப்பதில்லை.

ஐந்து அங்குல ஆர்சிசி தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை அறைக்குள் இறக்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு ஃபேன் அனலைத் தள்ளுவது இதனால்தான். வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும், உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். குடியிருப்புகளுக்காக 2018இல் மத்திய எரிசக்தித் திறன் செயலகம் கொண்டுவந்த ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’, ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் தளம் கடத்தக்கூடாது என்கிறது. வெறும் ஆர்சிசி தளம் கடத்துவது அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

பழைய தீர்வான சுருக்கி நமக்குத் தெரிந்ததுதான். செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் இரண்டரைக்கு ஒன்று என்ற அளவில், மணல் சேர்க்காமல் கலந்து, மூன்று அங்குலம் பரப்பி, மரக்கட்டையால் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். கட்டை எகிறும் வரை தட்ட வேண்டும். ஜல்லிக்கு மேலே சுண்ணாம்புப் பால் கசிந்து வர வேண்டும். அதன் மேல் தட்டோடு. சுருக்கியின் நுண்துளைகளில் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. இன்று பல மேஸ்திரிகள் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைப் போட்டு இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள். “சார், சிமெண்டுன்னா ஸ்ட்ராங்கு” என்பார்கள். உறுதி அங்கே தேவையே இல்லை. சிமெண்டு வெயிலில் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். சுண்ணாம்பு வெப்பத்தில் விரிந்து சுருங்குவதற்கு இடம் கொடுக்கும்.

சுருக்கி மட்டும் போட்டால் 1.2ஐ எட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தளத்துக்கும் சுருக்கிக்கும் நடுவே ஓரங்குலக் காப்புப் பலகை வைத்தாலே எட்டிவிடலாம். கட்டட வேலைக்கென்றே வரும் அடர்த்தியான எக்ஸ்பிஎஸ் பலகையை வாங்குங்கள். டிவி பெட்டிக்குள் வரும் தெர்மோகோல் இதற்கு ஆகாது. இரண்டங்குலம் போட முடிந்தால் இன்னும் நல்லது. பலகை தளத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். உள்ளே ஃபால்ஸ் சீலிங் அடிப்பது, கான்கிரீட்டைச் சூடாக விட்டுவிட்டு நாம் ஒளிந்துகொள்ளும் வேலை.

அதற்கும் மேலே, வெயில் முதலில் படும் பரப்பு வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்புத் தட்டோடு அழகு, ஆனால் வெயிலை உறிஞ்சும். வெள்ளைக் கூல் டைல், வெப்பம் எதிரொளிக்கும் பெயின்ட் எதுவானாலும் சரி. கையில் காசில்லாதவர்கள் சுண்ணாம்பில் பெவிகால் கலந்து ஆண்டுதோறும் பங்குனியில் இரண்டு கோட் அடிக்கலாம். தூசி படிந்தால் பலன் குறைந்துவிடும் என்பதால் எந்த வெள்ளையானாலும் கழுவ வேண்டும்.

கன்னி மூலை

வாஸ்து பார்க்காத வீடு இப்போது அபூர்வம். தென்மேற்கில், கன்னி மூலையில், குடும்பத் தலைவரின் படுக்கையறை வர வேண்டும் என்பது விதி. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை சாய்வெயில் அடிக்கும் மூலையும் அதுதான். வீட்டிலேயே அதிகம் வேகும் அறையை வீட்டுக்காரருக்கு ஒதுக்கும் சாஸ்திரம் விசித்திரமானது; அதை வாதிட்டு மாற்ற நினைக்கிறவர்களுக்கு என் வாழ்த்துகள். மாற்ற முடியாதவர்கள் அறையை அங்கேயே வைத்துக்கொண்டு சுவரை மாற்றலாம்.

மேற்குச் சுவரை ஒட்டி உள்பக்கம் அலமாரியோ இணைந்த குளியலறையோ வரட்டும். வெளிப்படிக்கட்டு வைப்பதாக இருந்தால் மேற்கில் வையுங்கள், அதன் நிழல் சுவரில் விழும். அந்த ஒரு சுவரையாவது ‘ராட் டிராப்’ கட்டில் எழுப்புங்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஊரெங்கும் பரப்பிய முறை இது. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் ஒன்பது அங்குலச் சுவருக்குள் காற்றறை கிடைக்கிறது, செங்கலில் கால்பங்கு மிச்சமாகிறது. அடிவரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டல் மட்டம், நிலை ஓரங்கள் ஆகியவற்றில் மட்டும் கெட்டியாகக் கட்ட வேண்டும். கலவை உள்ளே உதிர்ந்து காற்றறையை அடைத்துவிடாமல் கொத்தனார் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்குழாய் எங்கே போகும் என்று முன்பே முடிவு செய்யாமல் இந்தச் சுவரைத் தொடாதீர்கள். பிறகு உளி வைத்தால் காற்றறை போச்சு.

மேற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போட்டு ஏமாறாதீர்கள். சாய்வெயில் அதற்கு அடியில் புகுந்து நேராக மெத்தைக்கு வரும். அங்கே நிற்க வேண்டியவை துளைகள் விட்ட ஜாலிச் சுவரோ, மூங்கில் தட்டியோ, ஒரு புங்க மரமோ. மரம் என்றால் புங்கம், பூவரசு, வேம்பு போன்றவற்றை வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து போன மறுநாள் சென்னைத் தெருக்களில் குறுக்கே கிடந்தவற்றில் குல்மோஹரும் பெருங்கொன்றையும் ஏராளம்.

ஜன்னல் அளவைப் பற்றி ஒரு கணக்கு. நம் ஊர்களைப் போன்ற புழுக்கப் பகுதிகளுக்கு, திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்பது மேலே சொன்ன சம்ஹிதாவின் விதி. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு 20 சதுர அடி. நாலுக்கு ஐந்து யூபிவிசி ஜன்னல் ஒன்று போட்டால் போதுமே என்று தோன்றும். அது ஸ்லைடிங் ஜன்னலானால் பாதிதான் திறக்கும், கிடைப்பது 10. கீல் வைத்த கதவு ஜன்னல் முழுதும் திறக்கும். கொசுவலை இல்லாத ஜன்னல் மாலை ஐந்து மணிக்கு மூடப்பட்டுவிடும் என்பதால் வலையையும் அதே மதிப்பீட்டில் சேருங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் நாலடியில் நிற்கும் நெருக்கமான மனைகளில் காற்று பக்கவாட்டில் வராது. அங்கே மாடிப்படியின் ஹெட்ரூமில் நான்கு பக்கமும் லூவர் வைத்துவிடுங்கள். சூடான காற்று படிக்கட்டு வழியாக ஏறி வெளியேறும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றம் செய்த வேலையில் ஒரு பகுதியை இது செய்யும்.

ஆயிரம் சதுர அடியில் ஒரு லட்சம் லிட்டர்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதம் வரும். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த 2019ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் ஒன்றாகக் கொட்டிவிடும். ஐந்து சென்டிமீட்டர் மழை ஒன்று அடித்தாலே மாடியில் 4,600 லிட்டர். 12,000 லிட்டர் சம்ப் மூன்றாவது மழையில் நிரம்பிவிடும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: மாடித் தண்ணீர் வடிகட்டி வழியாகச் சம்புக்கு, சம்ப் நிரம்பினால் கிணற்றுக்கு, கிணறு இல்லாவிட்டால் உறை இறக்கிய குழிக்கு.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல சட்டம். நிலத்தடி நீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. கூடவே, கணக்குக்கு வெட்டிய குழிகளும் பெருகின: ஒன்றரை அடி ஆழம், நாலு கூடை ஜல்லி, மேலே ஒரு ஸ்லாப், அதைத் தொட்டும் தொடாமலும் முடியும் ஒரு குழாய். இன்றும் பல அடுக்குமாடிகளில் அந்த ஸ்லாப்பின் மேல்தான் ஸ்கூட்டர் நிற்கிறது.

உங்கள் குழி அப்படி ஆகாமலிருக்க மண்ணைப் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடற்கரை மணலில் ஆழம் குறைந்த குழியே போதும். களிமண் பகுதியில் களியைத் தாண்டி, நீர் இறங்கும் அடுக்கு வரும்வரை உறை இறக்க வேண்டும். உறைக்குள் ஜல்லி கொட்டி நிரப்பாதீர்கள். வெறும் உறைதான் அதிகத் தண்ணீர் பிடிக்கும், பின்னால் ஆள் இறங்கிச் சேறு எடுக்கவும் முடியும். செப்டிக் டேங்கிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். வடிகட்டியைத் தரைக்கு மேலே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். புதைத்துவிட்டால் அடுத்த வருடம் அதை யாரும் கழுவமாட்டார்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு போதும். கேட்டுக்கு உட்பக்கம் குறுக்கே ஒரு சிறு கால்வாய் வெட்டி இரும்புக் கிராதி போட்டால், முற்றத்தில் விழுந்து தெருவுக்கு ஓடும் தண்ணீரும் மாட்டும்.

குளியலறைத் தண்ணீருக்கும் கழிப்பறைத் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் போடச் சொல்லி பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளித்த தண்ணீர் கல்வாழையும் சேம்பும் வைத்த பாத்தி வழியாக மண்ணுக்குப் போகலாம். குழாயைச் சேர்த்துப் போட்டுவிட்டால் இதைப் பிறகு செய்ய முடியாது.

சிமெண்டு மூட்டை

உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. வீட்டுக்காரர் இதில் செய்யக்கூடிய முதல் வேலை, அறைகளைக் குறைப்பது. வருடத்துக்கு இருமுறை வரும் விருந்தாளிக்காக ஒரு படுக்கையறை கட்டுவதற்குப் பதில் கூடத்தில் பாய் விரிக்கலாம். அடுத்தது, சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டு. இது மெல்ல இறுகும். அதனால் குறைந்தது பத்து நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும். நாலாம் நாளே நிறுத்துகிற ஆட்களுக்கு நல்ல சிமெண்டு கொடுத்தும் பயனில்லை. மண்கல் கட்டுமானம் வேண்டுவோர் ஆரோவில் புவி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற கொத்தனார்களைத் தேடலாம். சுமார் 5 சதவீதம் சிமெண்டு கலந்து அழுத்திய மண்கல், சூளைச் செங்கலைப்போல விறகு கேட்பதில்லை. எல்லா மண்ணும் இதற்கு ஆகாது என்பதால் உங்கள் மண்ணைச் சோதித்த பிறகு பேசுங்கள்.

தெரு

வீடு மட்டும் நன்றாக இருந்து பயனில்லை. பழைய தாரின் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, படியேறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று படியிறங்கி நுழைகிறார்கள். சாலை போட வரும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் நடக்கிறதா என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். வேலை நடக்கும் இரவில் இரண்டு பேர் தெருவில் நின்றால் போதும். மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது ஒதுக்கீட்டு நிலத்தை டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து முக்கோண மூலையில் தள்ளாமல், மனைப்பிரிவின் மிகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் குளம், மற்ற மாதங்களில் பிள்ளைகளுக்கு மைதானம். சென்னை மாநகராட்சி பூங்காக்களில் வெட்டும் மழைநீர் உறிஞ்சும் குட்டைகளும் இதே யோசனைதான். நடைபாதைக்கு முன்னுரிமை கொடுத்து 2019இல் திறந்த பாண்டி பஜாரைப் போய்ப் பார்த்தால், நிழலும் நடக்க இடமும் இருந்தால் தெருவில் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று தெரியும்.

முதலில் சொன்ன சோலார் பத்தி இதுதான்: ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இப்போதே செய்ய வேண்டியது, மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயும், தெற்குப் பக்கத்தில் நிழல் விழாத இடமும் விட்டுவைப்பது. தண்ணீர்த் தொட்டியும் ஹெட்ரூமும் வடக்கே போகட்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

2024 முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் உடனே அனுமதி கிடைக்கிறது. வேலை சுலபம், ஆனால் குறை இருந்தால் சொல்ல அலுவலகத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். அதனால் இதுவரை பார்த்தவற்றை ஒப்பந்தக்காரரோடு போடும் பத்திரத்தில் வரிவரியாக எழுதுங்கள். ‘வெதரிங் கோர்ஸ்’ என்று மட்டும் இருந்தால் எதையும் போடுவார். சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, மூன்றங்குலம், அடியில் இன்ன கனத்தில் காப்புப் பலகை என்று எழுத வேண்டும். ஜன்னலுக்குத் திறக்கும் பரப்பு, குழிக்கு உறையின் விட்டமும் ஆழமும், குழாய்களுக்குத் தனித்தனி வழி.

கடைசித் தவணையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். மாடியின் வடிகுழாய் வாய்களைத் துணியால் அடைத்துத் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் கழித்துக் கீழே சீலிங்கில் ஈரம் பாருங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டு, ஓடிப்போகும் தண்ணீர் முழுவதும் வடிகட்டி வழியாகச் சம்புக்கு வருகிறதா, வழியில் எங்காவது தெருவுக்குக் கசிகிறதா என்று ஆளுக்கொரு பக்கம் நின்று பாருங்கள். அதன் பிறகு காசோலையில் கையெழுத்துப் போடலாம்.